படம் மாட்டாத ஆணி

வக்கீல் சங்கத்துக் கூடத்தின் நான்கு சுவர்களிலும் ஓய்வு பெற்ற நீதிபதிகளின் படங்கள் தொங்குகின்றன. ஒருவர் ஓய்வு பெற்றதும் சங்கம் மூன்று வக்கீல்களைக் கொண்ட குழு ஒன்றை அமைக்கும். இவர் பதவியில் இருந்தவரை நேர்மையாக நடந்துகொண்டார் என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தால்தான் படம் சுவரேறும். கேட்பதற்கு என்னவோ பெரிய பரீட்சை மாதிரி இருக்கும். நடப்பது என்னவென்றால், மூவரும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, போன தடவை எழுதிய அதே வாக்கியத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். பதவியில் இருந்த காலமெல்லாம் மொத்தக் கூடமும் கரித்துக் கொட்டிய ஆளாக இருந்தாலும், கண்ணாடிச் சட்டத்துக்குள் போனதும் உத்தமராகிவிடுவார்.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்தத் தடவையும் தச்சர் முன்கூட்டியே வந்து ஆணி அடித்துவிட்டுப் போனார். ஆனால் இந்தத் தடவை குழு அமைப்பதற்கே அடிதடி. மாதக்கணக்கில் ஆணி சும்மா இருந்ததால் வக்கீல்கள் அதில் தங்கள் கறுப்பு கவுனை மாட்ட ஆரம்பித்தார்கள். மத்தியான நேரங்களில் அதற்குப் போட்டியே இருந்தது.

அந்த ஆணிக்கு உரிய நீதிபதிக்கு கோர்ட்டில் ‘குறுக்குசால்’ என்று பெயர். வக்கீல் எழுந்து நின்று தொண்டையைச் செருமுவதற்குள் அவருடைய முதல் கேள்வி வந்து விழும். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது. தயாரித்துக்கொண்டு போனதில் கால்வாசியைக்கூடச் சொல்ல விடமாட்டார். வெளியே வந்து அவரைத் திட்டாத வக்கீல் கிடையாது. ஆனால் அவரிடம் தோற்றவர்கள்கூட, மனுஷன் வழக்கைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை மட்டும் ஒத்துக்கொள்வார்கள். கடைசி இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விகள் குறைந்துபோயின. வயசானால் அடங்கிவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சிலருக்கு உள்ளூர நிம்மதிதான்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. நீதிபதிகளாக நியமிக்க கோர்ட் யாருடைய பெயரைக் கொடுத்தாலும், அரசாங்கம் ஒப்புதல் கொடுத்தால்தான் நியமனம் செல்லும் என்பது சட்டம். நீதிமன்றத்தின் சுதந்திரமே போச்சு என்று சங்கம் வழக்குப் போட்டது. சங்கத்துக்காக வாதாடியவர் வக்கீலம்மா. சங்கத்தில் பெண் வக்கீல்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், வக்கீலம்மா என்று சொன்னால் அது அவர் ஒருவரைத்தான். ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போகவும் செய்யும்.

வழக்கை விசாரித்தவர்கள் மூன்று நீதிபதிகள். ஒரு வாரத்துக்கு மேல் வாதம் நடந்தது. அத்தனை நாளும் குறுக்குசால் ஒரு கேள்வி கேட்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பேசுகிறவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு வந்தபோது மற்ற இரண்டு நீதிபதிகளில் ஒருவர் சட்டம் செல்லும் என்றார், ஒருவர் செல்லாது என்றார். குறுக்குசால் செல்லும் என்று எழுதியிருந்தார். அவர் கையில்தான் சட்டம் பிழைத்தது. அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், அரசாங்கம் அவரை ஓர் ஆணையத்துக்குத் தலைவராகப் போடப் போகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. இதற்கு மேல் கூடத்துக்கு என்ன வேண்டும்? விலை போய்விட்டார் என்று டீ கொண்டு வருபவர் வரைக்கும் பேசினார்கள்.

வக்கீலம்மாவிடம் இதைவிடக் கெட்டியான காரணம் ஒன்று இருந்தது. அவர் எழுத்தில் கொடுத்த வாதங்கள் ஒவ்வொன்றையும் குறுக்குசால் எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பதில் சொல்லியிருந்தார். கோபம் தணிந்தபின் படித்தால் பதில்கள் நியாயமாகவே இருந்தன. ஆனால் கடைசி நாள், எதிர்த்தரப்பு வக்கீல் பேசி முடித்த பிறகு, வக்கீலம்மா நின்ற நிலையில் யோசித்துச் சொன்ன ஒரு வாதம் இருந்தது. ஒப்புதல் கொடுக்க அரசாங்கத்துக்கு எந்தக் கெடுவும் சட்டத்தில் இல்லை. ஆகவே பிடிக்காத பெயரை அவர்கள் மறுக்க வேண்டியதேயில்லை, பேசாமல் இருந்தாலே போதும், அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும் என்றார். கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் செய்தி. அந்தப் பெருமையில் அவர் அதை எழுத்தில் சேர்த்துக் கொடுக்க மறந்துபோனார். ஊருக்கே தெரிந்ததைத் தனியாக எழுதிக் கொடுப்பானேன் என்ற நினைப்பு. சட்டம் செல்லாது என்ற நீதிபதி தம் தீர்ப்பையே அந்த வாதத்தின் மேல்தான் கட்டியிருந்தார். குறுக்குசாலின் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பதில் சொல்ல முடியாததால் கண்டும் காணாமல் தாண்டிப் போயிருக்கிறார், விலை போனதற்கு வேறு சாட்சி எதற்கு என்பது வக்கீலம்மாவின் கட்சி.

அதனால்தான் குழுவில் அவரைப் போட்டார்கள். நீதிபதியிடம் தோற்ற வக்கீலே அவரை எடைபோடலாமா என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

“தோத்தவங்க எல்லாம் ஒதுங்கணும்னா இந்தக் கோர்ட்டுல குழு போட ஆளே கிடைக்காது” என்றார் வக்கீலம்மா. எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

மற்ற இருவரில் ஒருவர் சீனியர். எழுபதை நெருங்குகிறவர். உதட்டை மூடிய அடர்ந்த மீசைக்குள்ளேயே பேசுவார். அவர் சொல்வதைக் கேட்க நீதிபதிகள் முன்னால் சாய்வார்கள், அதுவே தம் வெற்றியின் ரகசியம் என்று அவர் ஜூனியர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். இன்னொருவர் சங்கச் செயலாளர். படத்திறப்புக்கு மந்திரியைக் கூப்பிட வேண்டும், மந்திரியோடு தானும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த விஷயத்தில் வேறு கொள்கை இல்லை.

வக்கீலம்மாவின் டிரைவர் ஓட்ட, மூவரும் அவருடைய காரில் நீதிபதியின் வீட்டுக்குப் போனார்கள். பெரிய வீடு இல்லை. வாசல் கேட்டில் பெயிண்ட் உரிந்திருந்தது. கூடத்தில் ஒரு பக்கம் முழுக்கப் புத்தக அலமாரி, எதிர்ப்பக்கம் அகலமான ஜன்னல். நீதிபதியின் மனைவி எல்லோரையும் உட்கார வைத்தார். நீதிபதி வக்கீலம்மாவுக்கு மட்டும் ஜன்னலைப் பார்த்த நாற்காலியைக் காட்டி, “வெளிச்சத்துல உக்காருங்க” என்றார். தம் மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஆணையத் தலைவர் பதவியை எடுத்துக்கப் போறீங்களா சார்?” என்று செயலாளர் கேட்டார்.

“அந்த ஆணையப் பதவியைக் கேக்கறாங்க” என்றார் மனைவி, கணவர் பக்கம் திரும்பி.

“வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டேன்.”

“அதை வெளியில சொல்லியிருக்கலாமே” என்றார் வக்கீலம்மா.

“யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்று அவர் நேராகவே பதில் சொன்னார்.

“கேஸ் நடந்த அத்தனை நாளும் நீங்க ஒரு கேள்வி கேக்கல. உங்க வழக்கமே அது இல்லையே?”

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாம படிச்சேன்.”

“எழுதாத வாதம் ஒண்ணு இருந்தது சார்.”

நீதிபதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த பழத்தை எடுத்துக்கொண்டார். மனைவி டீ எடுத்து வர உள்ளே போனார்.

சீனியர் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். அலமாரிப் புத்தகங்களைப் பார்ப்பது மாதிரி நீதிபதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மீசைக்குள்ளிருந்தே கேட்டார். “தீர்ப்புக்கு முன்னாடி அரசாங்கத்துல இருந்து யாராவது உங்களை வந்து பாத்தாங்களா?”

பதில் இல்லை. நீதிபதி சுளையிலிருந்த நாரை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தார். சீனியர் இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் பதில் இல்லை. அந்தச் சமயத்தில் உள்ளே தட்டோடு ஏதோ கீழே விழுந்து உடைந்தது. செயலாளர் நாற்காலியிலிருந்து துள்ளினார், சீனியர் தலையைத் திருப்பினார். வக்கீலம்மா நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நிற்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை. எதிரில் இருந்தவர்கள் அசைந்ததைக் கண்டுதான் அவர் தலையைத் தூக்கினார்.

காரில் திரும்பும்போது சீனியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பாத்தீங்களா? ரெண்டு தடவை கேட்டேன். மனுஷன் வாயைத் திறக்கல. இதுக்கு மேல என்ன வேணும்?”

“காதுல விழலையோ என்னவோ” என்றார் வக்கீலம்மா.

“நீங்க கேட்டதெல்லாம் விழுந்துச்சே.”

வக்கீலம்மா யோசித்துக்கொண்டே வந்தார். வெளிச்சத்தைப் பார்த்து உட்காரச் சொன்னது, செயலாளர் கேட்டதை மனைவி திருப்பிச் சொன்னது, கோர்ட்டில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சீச்சீ, இருக்காது என்று தள்ளிவிட்டார். இருக்குமோ என்று மறுபடியும் வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனார்.

நீதிபதியின் மனைவிதான் கதவைத் திறந்தார். “வாம்மா. இன்னும் ஏதாவது கேக்கணுமா?” என்றார். குரலில் பயம் இருந்தது.

வக்கீலம்மா தாமாகவே போய் அந்த ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். நீதிபதி எதிரில் இருந்தார். மனைவி டம்ளரில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். வக்கீலம்மா தொண்டையிலிருந்து துளி சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: காது கேக்காம எத்தனை வருஷமாச்சு சார்?

“ரெண்டு வருஷத்துக்கு மேல” என்றார் நீதிபதி.

யாரும் எதுவும் கேட்காத அறையில் கணவர் மட்டும் பதில் சொல்வதைக் கேட்ட மனைவி ஆடிப்போய்விட்டார். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நீதிபதி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“கெட்டிக்காரிதான் நீங்க” என்றார்.

“மெஷின் வெச்சுக்கலையா?”

“வெச்சுப் பாத்தேன். சத்தம் வருது, வார்த்தை வரல. ஏதோ சந்தைக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்கு. அப்புறம் உதட்டைப் பாத்துப் பழகிட்டேன். வெளிச்சமும் நேரா ஒரு முகமும் இருந்தா முக்கால்வாசி புடிபடும்.”

“கேள்வி கேக்கறதை அதனாலதான் விட்டீங்களா?”

“கேள்வி கேட்டா பதில் வருமே. நான் ஒரு பக்கம் பாத்துக்கிட்டிருக்கும்போது பதில் இன்னொரு பக்கத்துல இருந்து வந்தா மாட்டிக்குவேன்.”

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தது. இந்தத் தடவை அது வந்த வேகத்தில் போகவில்லை. “ஒரு வாரத்துக்கு மேல நான் நின்னு பேசினேன். சுவத்துக்கிட்ட பேசியிருக்கேன். இல்லையா?”

“பாதி புரிஞ்சது. மைக்கை வாய்க்கு முன்னாடி இழுத்து வெச்சுக்கிட்டீங்க. கடைசி நாள் எதிர்ல இருந்த வக்கீல் பக்கம் திரும்பிப் பேசினீங்க, உங்க முதுகுதான் தெரிஞ்சது. கேஸ் முடியற வரைக்கும் அதைப் பத்தி வர்ற பத்திரிகைச் செய்தி எதையும் நான் படிக்கறதில்ல. எழுத்துல வந்திடும்னு இருந்தேன். வரல.” பிறகு, “நீங்க அப்படி ஒண்ணு சொன்னீங்கங்கறதே எனக்குத் தீர்ப்பன்னிக்குத்தான் தெரியும். கூட இருந்தவர் எழுதினதை பெஞ்சுல உக்காந்து படிக்கும்போதுதான் தெரிஞ்சது. என் தீர்ப்பு அதுக்குள்ள கையெழுத்தாகிப் பக்கத்துல இருந்தது” என்றார்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

“அதைத்தான் தினம் யோசிக்கிறேன்.”

“யோசிச்சு?”

“மாத்தி எழுதியிருப்பேன்னுதான் தோணுது.”

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். இந்தப் பதிலை அவரும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார் போலிருந்தது.

“வீட்டுக்குப் போயிருக்கலாமே சார். காது கேக்கலன்னு எழுதிக் கொடுத்துட்டு.”

“போயிருந்தா அந்த நாற்காலிக்கு அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு ஆளைக் கொண்டு வந்திருக்கும். அது நடக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: “அப்படிச் சொன்னா கேக்க நல்லா இருக்கு. எனக்கு எழுந்து போக மனசு வரல, அதுவும் இருக்கு. எது எவ்வளவுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. அந்த ஆணையப் பதவிக்கு டாக்டர் பரிசோதனை உண்டு. அதான் வேண்டாம்னேன்.”

வக்கீலம்மாவின் மனசுக்குள் இருந்த வக்கீல் இதற்குள் மனு எழுத ஆரம்பித்துவிட்டார். மூன்று நீதிபதிகளில் ஒருவர் வாதத்தைக் கேட்கவேயில்லை என்பது தெரிந்தால் தீர்ப்பு நிற்காது. சட்டத்தை மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியதுதான். தோற்ற வழக்கு கைக்குத் திரும்பி வரும். அவர் முகத்தில் இது எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். முகம் படித்தே இரண்டு வருஷம் ஓட்டியவர் எதிரில் இருந்தார்.

“தாராளமா மனு போடுங்க. நான் மறுக்க மாட்டேன். ஆனா போடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சுக்குங்க” என்றார். “அந்த ரெண்டு வருஷத்துல நான் சொன்ன தீர்ப்பு எல்லாமே கூடவே எழுந்து நிக்கும். உங்க டிரைவர் கேஸும் அதுக்குள்ளதான் இருக்கு.”

வக்கீலம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டிரைவர் என்று அவர் சொன்னது வாசலில் கார் அருகே காத்துக்கொண்டிருந்தவரை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை விழுந்து வருஷக்கணக்கில் ஜெயிலில் இருந்தார். மேல்முறையீட்டில் வக்கீலம்மா வாதாடினார், குறுக்குசாலும் இன்னொரு நீதிபதியும் விடுதலை செய்தார்கள். வெளியே வந்தவருக்கு யாரும் வேலை கொடுக்காததால் வக்கீலம்மாவே தம் காரை ஓட்டச் சொன்னார். அது கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று அப்போதிருந்தே தேடிக்கொண்டிருந்தது.

“மெரட்டறீங்களா சார்?”

“இல்லம்மா. ஜட்ஜா இருந்த பழக்கம். ரெண்டு பக்கமும் சொல்லிடணும்.” அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “படம் மாட்ட வேண்டாம். அதுக்கு நான் லாயக்கில்ல, அது எனக்கே தெரியும். விலை போனேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அது பொய்.”

“ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“அதுதான் எனக்கும் தெரியல” என்றார் நீதிபதி.

காரில் ஏறியபோது டிரைவர் அந்த வீட்டின் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது அந்த ஐயா வீடுதானே அம்மா? போன தடவை எல்லாரும் இருந்ததால கேக்கல.”

“ஆமா அண்ணே.”

“கோர்ட்டுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தப்ப, பக்கத்துல இருந்த ஜட்ஜ் ரெண்டு கேள்வி கேட்டார். நான் பேசி முடிக்கிற வரைக்கும் இந்த ஐயா என் முகத்தையேதாம்மா பாத்துக்கிட்டிருந்தார். அதுக்கு முன்னாடி எந்த ஜட்ஜும் என்னை நிமிந்து பாத்ததில்ல. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாங்க. இவர் பாத்தார். அப்பவே நெனச்சேன், நமக்கு நல்லது நடக்கும்னு.”

வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகை வந்தது. அதை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிடக் கூடாதே என்று பையில் எதையோ தேடினார். சங்கமும் அவருடைய கட்சிக்காரர், டிரைவரும் அவருடைய கட்சிக்காரர். ஒருவருக்காகக் கையில் கிடைத்த கத்தி இன்னொருவர் கழுத்தில்தான் இறங்கும். சட்டத்தை எதிர்த்து நாளைக்கு வேறு யாராவது வேறு வழக்கு போடலாம். இந்த மனுஷனை இன்னொரு தடவை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. வீடு வந்து சேர்வதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். முடிவு சரிதானா என்ற கேள்வியை அவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

குழு கூடிய அன்று சங்கத்தின் சின்ன அறையில் மூன்று நாற்காலி, ஒரு மேஜை, ஆறிப்போன டீ. சீனியர் அறிக்கையை எழுதியே கொண்டுவந்திருந்தார். ஆட்சியில் இருப்பவர்களின் விருப்பத்துக்கு இணங்கித் தீர்ப்பளித்தார், ஆகவே படம் வேண்டாம் என்பது சாரம். படம் மாட்டலாம், பழையதைக் கிளறுவானேன் என்றார் செயலாளர். ஒன்றுக்கு ஒன்று. இருவரும் தங்கள் பக்கத்து நியாயத்தை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கடைசியில் இரண்டு பேரும் வக்கீலம்மாவைப் பார்த்தார்கள்.

“என்ன மேடம், நீங்க ஒரு கேள்வி கூடக் கேக்கல?” என்றார் செயலாளர்.

“கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார் வக்கீலம்மா. சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது. “படம் வேண்டாம். ஆனா விருப்பத்துக்கு இணங்கினார்ங்கற அந்த வரியை எடுத்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். அவர் விலை போகல.”

சீனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “இத்தனை நாளும் விலை போனார்னு ஊர் ஊராப் பேசினது நீங்கதானே?”

“ஆமா. தப்பாப் பேசிட்டேன்.”

“எதை வெச்சு இப்ப இப்படிச் சொல்றீங்க? காரணம் வேணுமே.”

“காரணம் இருக்கு. சொல்ல முடியாது.”

“விலை போகலன்னா படம் மாட்டிடலாமே” என்று செயலாளர் நடுவில் புகுந்தார்.

“வேண்டாம். அதுக்கும் காரணம் கேக்காதீங்க.”

சீனியர் எதையோ மென்று விழுங்கிவிட்டு, இந்தத் தடவை மீசையைத் தாண்டித் தெளிவாகவே கேட்டார். “தனியா அவர் வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களாமே? என் ஜூனியர் வீடு அந்தத் தெருவுலதான்.”

“போனேன்.”

“என்ன பேசினீங்க?”

வக்கீலம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரிலிருக்கும் சாட்சி இப்படி உட்கார்ந்திருந்தால் அவர் எப்படிக் குதறியிருப்பார் என்று அவருக்கே தெரியும். சீனியர் அந்த அளவுக்குப் போகவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். காரணம் எதுவும் இல்லாத அறிக்கையாக, படம் மாட்டத் தேவையில்லை என்று ஒரே வாக்கியம் மிஞ்சியது. அன்று சாயங்காலம் வக்கீலம்மா நீதிபதிக்குப் போன் செய்தார். எடுத்தது மனைவி. வரியை எடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னார். “இவர்கிட்டச் சொல்லிடறேம்மா” என்றவர் கொஞ்சம் தயங்கினார். “நீ நல்லா இருக்கணும்.” வக்கீலம்மா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கோர்ட் ஆரம்பிப்பதற்கு முன் அவர் சங்கக் கூடத்தைத் தாண்டிப் போனார். வழக்கமாக அவரைப் பார்த்ததும் நான்கு பேராவது எழுந்து வந்து பேசுவார்கள். அன்று எல்லோருக்கும் படிக்க ஏதாவது காகிதம் கையில் இருந்தது. ஆணியிடம் மட்டும் இரண்டு வக்கீல்கள் நின்றார்கள். ஒருவர் கவுனை அதில் மாட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்கும் ஒரு நாற்காலி ரெடியாம்ல. அடுத்த லிஸ்ட்ல ஜட்ஜா பேர் வருதாம். அரசாங்கம் உடனே ஒப்புதல் கொடுத்திடுமாம்.”

“அதான் ஒரே நாள்ல மனசு மாறிடுச்சு” என்றார் இன்னொருவர். “என்ன பேசினாங்கன்னு சீனியர் கேட்டதுக்கு வாயே திறக்கலையாம்.”

“எப்படித் திறப்பாங்க?”

பேசியவர் திரும்பினார். வக்கீலம்மா கை எட்டும் தூரத்தில் இருந்தார். அந்த வக்கீலின் முகம் வெளிறியது. “மேடம், அது வந்து, உங்களைச் சொல்லல...” என்று இழுத்தார்.

வக்கீலம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவர் வழக்குக் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், தம் வழக்கு நடக்கும் அறையை நோக்கி நடந்தார்.